ஒன்பதாவது ஃபீல்டில், அதாவது வரியில் இடைவெளிகளால் பிரிந்த ஒன்பதாவது துண்டில், மட்டும் தேடு என்று கிரெப்பிடம் (grep) சொல்ல வழியே இல்லையா? கேட்ட சொல் இருக்கும் வரிகளைக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டும் கட்டளைதான் கிரெப்.

நேற்று ராத்திரி ஒரு மணி. தளம் 500 பிழை (சர்வர் பக்கக் கோளாறு) காட்டுகிறது என்று போன். வெப் சர்வரான அப்பாச்சியின் லாக்கில், அதாவது ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வரியாகப் பதிவாகும் கோப்பில், எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: கிரெப், 500, என்டர். திரை முழுக்க வரிகள் கொட்டுகின்றன. பார்த்தால் பாதி, 200 என்ற 'சரி' நிலை எண் வாங்கி நல்லபடியாகப் போனவை! ஒன்றில் பக்க முகவரியில் 500. இன்னொன்றில் 15002 என்ற பைட் கணக்குக்குள் 500. சரி, முழுச் சொல் மட்டும் போதும் என்று மைனஸ் டபிள்யூ சேர்த்தேன். 15002 ஒழிந்தது. முகவரி 500 அசையவில்லை, சரியாக 500 பைட் அனுப்பிய வரியும் அசையவில்லை. நிலை எண் ஒவ்வொரு வரியிலும் ஒன்பதாவது இடத்தில்தான் இருக்கிறது. அங்கே மட்டும் பார் என்று சொல்ல ஒரு எழுத்து கிடையாது.

வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட்டுக்கு, எந்த ஃபீல்டு என்று சொல்ல மைனஸ் கே உண்டு. அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் யூனிக்குக்குக்கூட முதல் சில ஃபீல்டுகளைத் தாண்டிப் போக மைனஸ் எஃப் உண்டு. கென் தாம்சன் 1973-ல் எழுதிய கிரெப்புக்கு அப்புறம் வண்ணம் வந்தது, அடைவுக்குள் அடைவாகத் தேடுவது வந்தது, பெர்ல் மொழிப் பாணி ரெஜெக்ஸும் (தேட வேண்டிய வடிவத்தைக் குறியீடுகளால் எழுதும் முறை) வந்தது. இது மட்டும் ஏன் வரவில்லை?

வரியில் வேண்டிய ஃபீல்டை மட்டும் வெட்டித் தரும் கட் கட்டளையைப் போட்டு அதை எடு என்பார்கள். எடுத்தால் மிஞ்சுவது 500, 500, 500. எந்த ஐபி, எந்தப் பக்கம், எத்தனை மணி, எல்லாம் போச்சு. ரெஜெக்ஸில் எட்டு இடைவெளியை எண்ணித் தாண்டு என்பார்கள். போனில் ஆள் காத்திருக்கும்போது எண்ணிப் பாருங்கள், தெரியும்.

வரியை ஃபீல்டுகளாகப் பிரித்துப் பார்க்கும் ஆக் (awk) மொழியில் டாலர் ஒன்பது, அதாவது ஒன்பதாவது ஃபீல்டு, 500-க்குச் சமம் என்று எழுதினால் சரியான வரிகள் வருகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழைக்கு முந்தைய ஐந்து வரிகள் எனக்கு வேண்டும். கிரெப்பில் மைனஸ் பி ஐந்து, முடிந்தது. ஆக்கில் அதற்கு நானே அரே (பட்டியல்) வைத்து வரிகளைச் சேமிக்க வேண்டும்!

இதைவிடக் கொடுமை போன வாரம். ஒவ்வொரு வரியின் முன்னும் கோப்புப் பெயரோடு சேமித்து வைத்த தேடல் முடிவு கையில் இருந்தது. டெஸ்ட் அடைவின் வரிகளை ஒதுக்க கிரெப்பில் மைனஸ் வி டெஸ்ட் போட்டேன். கோப்புப் பெயரில் மட்டும் பார்த்தால் போதும், அது பார்த்ததோ முழு வரியையும். நிரலில் 'லேட்டஸ்ட்' என்று இருந்த வரியும் சேர்ந்து போனது, அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் டெஸ்ட் இருக்கிறதே! ஒரு எச்சரிக்கை இல்லை, சத்தம் இல்லை. நான் அரை நாளாகத் தேடிய வரி அதுதான்.