கன்ஃபோக்கல் சரி, ஆழத்துக்கு என்ன வழி?
'தோல் புற்றுநோயைக் கண்டறிய இனி கத்தியே வேண்டாம்' என்று கன்ஃபோக்கல் மைக்ராஸ்கோப் பற்றிய கட்டுரை சொல்வது கொஞ்சம் உறுத்துகிறது. அது நல்ல கருவிதான், மறுக்கவில்லை. 830 நானோமீட்டர் லேசரைத் தோலில் செலுத்தி, திரும்பி வரும் ஒளியை வைத்துச் செல்களையே திரையில் காட்டிவிடும். மெலனின் என்ற நிறமி உள்ளவை பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஆனால் அது எட்டுவது சுமார் கால் மில்லிமீட்டர் ஆழம்தான். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தானே அடுத்த சிகிச்சையே முடிவாகிறது? அதற்கு வெட்டி எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒளியால் தோலின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை போகும், ஆனால் அந்தத் துல்லியம் கிடையாது.

கன்ஃபோக்கலின் அருமை முகத்தில்தான் தெரியும். ஆஸ்திரேலியாவில் வயதானவர்களின் கன்னத்தில் வெயிலால் வரும் லென்டிகோ மாலிக்னா என்ற ஆரம்பநிலை மெலனோமா எல்லை தெரியாமல் பரவிக் கிடக்கும். நாலு இடத்தில் பயாப்ஸி எடுத்தால் முகத்தில் நாலு தழும்பு. கருவியால் ஓரத்தைத் தேடிக் குறித்துக்கொண்டு அப்புறம் வெட்டலாம்.

இன்னொன்று விட்டுப்போயிருக்கிறது. நம்மைப் போன்ற கருந்தோல்காரர்களுக்கு மெலனோமா அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில் அல்லது நகத்தடியில், வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாமல். அங்கே தோல் தடிப்பு, கன்ஃபோக்கல் அவ்வளவாகப் பயன்படாது. டெர்மோஸ்கோப் என்ற கையடக்க உருப்பெருக்கிதான் கைகொடுக்கும். பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் ரேகைப் பள்ளங்களில் ஓடும், மெலனோமாவின் நிறம் மேடுகளில் ஓடும். இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.