மூன்றாவது நாயை எங்கே ஒளிப்பது?

போன மாதம் மட்டக்களப்பில் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம். வடிகான், தெருவிளக்கு, குப்பை வண்டி வராத கிழமைகள் என்று வழக்கமான பேச்சு முடிந்து எல்லோரும் எழும்புகிற நேரம், பின்வரிசையில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். "வீட்டுக்கு ரெண்டு நாய்தான் எண்டு சபை ஒரு சட்டம் போடவேணும். அதுக்கு மேல வச்சிருந்தா தண்டம் அடிக்கவேணும்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் ஐந்து இருக்கின்றன. என்ன சொன்னாலும் தன் வீட்டுக்காகப் பேசுகிறாள் என்றுதான் எடுப்பார்கள் என்று நினைத்துப் பேசாமல் வந்துவிட்டேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. ஐந்து வைத்திருப்பவள் பேசாவிட்டால் வேறு யார் பேசப் போகிறார்கள்? அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஐந்தில் ஒன்றைக்கூட நான் காசு கொடுத்து வாங்கவில்லை, தேடிப் போய் எடுக்கவும் இல்லை. மூன்று ஒரே பையில் வந்தவை. மார்கழி மாதம், நல்ல மழை. இரவு ஒன்பது மணியிருக்கும், படலைக்கு வெளியே முனகல் கேட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒரு யூரியாப் பை, வாய் கட்டியிருந்தது. அவிழ்த்தேன். நான்கு குட்டிகள். கண் திறந்து சில நாட்கள்தான் இருக்கும். நனைந்த மயிர் தோலோடு ஒட்டி, எலிக்குஞ்சு போல இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சூடு தேடிக்கொண்டிருந்தன. நான்கும் பொட்டை. எங்கள் பக்கத்தில் கடுவன் என்றால் கேட்டு வாங்கிப் போவார்கள். பொட்டை என்றால் குட்டி போடும் என்று ஒருவரும் எடுக்கமாட்டார்கள். இருட்டினதும் பையில் போட்டு, சந்தைக்குப் பின்னாலோ, கோயில் வீதியிலோ, நாய்க்குச் சோறு வைக்கிற வீட்டு வாசலிலோ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். விடியும் முன் ஒன்று செத்துப்போனது. மற்ற மூன்றுக்கும் மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகப் பால் பருக்கினேன், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி.

நான்காவது கறுப்பன். 2022இல், எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்று நாங்கள் எல்லோரும் களைத்துப்போன அந்த வருடம், பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போனார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுக் கறுப்பனை வளவுக்குள் விட்டுப் போனார்கள். இரண்டு கிழமை அவன் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால்தான் கிடந்தான். சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். ஒரு நாள் வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தபோது பின்னாலேயே வந்துவிட்டான். ஐந்தாவது, பிரதான வீதியில் வாகனம் அடித்துப் பின்கால் ஒடிந்து கிடந்தது.

இப்போது அந்தச் சட்டம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டம் யாருக்கு? பையைக் கட்டிப் போட்டவர் வீட்டில் இன்றைக்கு நாயே இருக்காது. வெளிநாடு போனவர் வீட்டிலும் இல்லை. இரண்டு பேரும் சட்டப்படி சுத்தம். பிடிபடுவது எடுத்து வளர்த்தவள்தான். நாயை வீதியில் விட்டவரைத் தொடாமல், வீதியில் இருந்து எடுத்தவரைத் தேடி வருகிற ஒரு சட்டத்தை எப்படி நான் ஏற்றுக்கொள்வது?

எண்ணிக்கை எதையுமே காட்டாது என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். நாய்க்குச் சினைக்காலம் கிட்டத்தட்ட 63 நாள். கருத்தடை செய்யாத ஒரு பொட்டை பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு தரம் பருவத்துக்கு வரும். ஒரு கடுவனும் ஒரு பொட்டையும் உள்ள வீடு இரண்டுக்குள் அடங்கும், சபைக்குச் சந்தோசம். அந்த வீட்டில் இருந்து வருடம் ஏழெட்டுக் குட்டி வீதிக்கு வரலாம். என்னுடைய ஐந்துக்கும் கருத்தடை செய்தாயிற்று. மூன்று பொட்டைகளையும் ஒவ்வொன்றாக ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன். சீட்டில் மயிர் ஒட்டும் என்று ஒரு தம்பி ஏற்ற மறுத்தார், இன்னொருவர் பழைய சாக்கு விரித்து ஏற்றினார். அதற்குப் பிறகு என் வளவில் இருந்து ஒரு குட்டிகூட வெளியே போகவில்லை.

எனக்கு மிகப் பெரிய பயம் விசர்நாய்க்கடியைப் பற்றியது. இந்தச் சட்டம் வேண்டும் என்பவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம். மனிதருக்கு வருகிற இந்த நோயில் 99 வீதம் வரை நாயால்தான் வருகிறது. வந்த பிறகு மருந்து இல்லை, சாவுதான். நம் நாட்டில் 1973இல் மட்டும் 377 பேர் இறந்தார்கள். அண்மைய வருடங்களில் அது இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இறக்கியது எது? நாய்களுக்குப் போட்ட ஊசியும், கடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போட்ட ஊசியும். 2006இல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசாங்கம் நிறுத்தியது. அப்போது, இனி ஊரெல்லாம் விசர்நாய் என்று பயந்தவர்கள் நிறையப் பேர். அதற்குப் பின் சாவு கூடிவிடவில்லை, மொத்தத்தில் குறைந்துதான் போனது.

உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி ஏறினால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். அந்த 70ஐ எட்டுவதற்கு வீட்டுக்காரர் நாயை வெளியே கொண்டுவர வேண்டும். எங்கள் ஒழுங்கைக்கு ஊசி போட வருகிற நாள் எப்படி என்று தெரியுமா? முந்திய நாள் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துப் போவார்கள். காலையில் வேப்பமரத்தடியில் ஒரு மேசை, ஐஸ் பெட்டி. பிள்ளைகள் கயிற்றிலும் சைக்கிள் டியூப்பிலும் நாய்களைக் கட்டி இழுத்து வருவார்கள். "அக்கா, உங்கட வீட்டில எத்தின?" என்று கேட்பார் ஊசி போடுகிறவர். "அஞ்சு தம்பி" என்பேன். ஐந்து அட்டை எழுதித் தருவார். அந்த அட்டைகளை அடையாள அட்டைப் பிரதிகளோடு ஒரே பையில்தான் வைத்திருக்கிறேன்.

இரண்டுக்கு மேல் தண்டம் என்று ஆனால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும்? "ரெண்டு தம்பி." மூன்றாவது பின்பக்கக் குசினிக்குள் கட்டிக் கிடக்கும், ஊசி இல்லாமல், அட்டை இல்லாமல். எத்தனை வீட்டில் அப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாய்ப் பதிவுச் சட்டம் 1901இல் இருந்தே நம்மிடம் இருக்கிறது. ஆனால் வருடா வருடம் தன் நாயைப் பதிகிற வீட்டை எங்கள் ஒழுங்கையில் நான் கண்டதில்லை. இருக்கிற கொஞ்ச நஞ்ச நம்பிக்கையையும் கெடுத்துவிட்டால் பிறகு யாரும் உண்மையான கணக்குச் சொல்லமாட்டார்கள்.

அப்புறம் படுவான்கரை, வாவிக்கு மேற்கே வயலும் காடுமான பக்கம். கிழக்கே கடற்பக்கமான எழுவான்கரையில் எட்டுப் பேர்ச் காணிக்குள் இருந்துகொண்டு நாங்கள் போடும் கணக்கு வாவிக்கு அங்கால் செல்லாது. என் மாமா வவுணதீவுப் பக்கம் வயல் செய்கிறார். வளவு ஒரு ஏக்கருக்கு மேல், சுற்றிவரக் கம்பி வேலி, அதற்கு அங்கால் பற்றைக்காடு. அவரிடம் நான்கு நாய். இரவில் அவை குரைக்கிற குரலை வைத்தே மாமா சொல்லிவிடுவார். ஆள் என்றால் ஒரு குரல், பன்றி என்றால் துரத்திக்கொண்டு ஓடும். யானை என்றால் ஓடாது, வீட்டோடு ஒட்டி நின்று விடாமல் அடித்தொண்டையால் குரைக்கும். அப்போது அவர் வெளிக்கதவைத் திறக்கமாட்டார், மாமியையும் பிள்ளைகளையும் எழுப்பி உள்ளே வைத்துக்கொண்டு வெடி கொளுத்துவார். அந்தப் பக்கத்தில் யானை வீட்டுச் சுவரை இடித்து நெல் மூட்டையை இழுத்த கதை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அந்த மனிதரிடம் போய், இரண்டை விட்டுவிடு என்று எந்த முகத்தோடு சொல்வது?

பூனைக்கும் இதே வரம்பு வரும் என்றுதான் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா காத்தான்குடியில் இருக்கிறார். மீன் கழுவுகிற நேரம் அவர் குசினி வாசலில் ஒன்பது பூனை வரிசையாகக் குந்தியிருக்கும். அதில் எது அவருடையது, எது அயலாருடையது என்று அவருக்கே தெரியாது. இதை எந்த உத்தியோகத்தர் எண்ணப் போகிறார்?

வெளியிலும் இது நடந்திருக்கிறது. பெங்களூரு மாநகராட்சி 2018இல் அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு நாய், தனி வீட்டுக்கு மூன்று என்று விதி கொண்டுவந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது கிடப்புக்குப் போனது. சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடிகளில் 1989இல் இருந்து பூனை வளர்க்கத் தடை. ஆனாலும் சனம் ஒளித்து வளர்த்தது. கடைசியில் 2024 செப்டெம்பரில் வீட்டுக்கு இரண்டு வரை அனுமதித்து, உரிமம் எடுக்கச் சொன்னார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்னெகி என்ற சிறு நகரம் ஐந்துக்கு மேல் நாயோ பூனையோ கூடாது என்று வைத்திருந்தது. 1994இல் அந்த விதி பற்றிய வழக்கு மேல்நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஏன் ஐந்து என்பதற்கு நியாயம் காட்டப்படவில்லை என்பதுதான் பிரச்சினையானது. 1997இல் மினசோட்டாவில் இதே போன்ற இரண்டு நாய் வரம்பை நீதிமன்றம் சரி என்றும் சொல்லியிருக்கிறது. அதையும் மறைக்கவில்லை. ஆனால் கார்னெகியில் எழுந்த கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன்: ஏன் இரண்டு? இரண்டாவது நாய்க்கும் மூன்றாவது நாய்க்கும் நடுவில் ஊருக்கு என்ன கெடுதி வருகிறது?

கையைத் தூக்கிய அந்த மனிதரின் கோபம் பொய் இல்லை. அவருடைய மகள் டியூசன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வரும்போது நாய்கள் துரத்தி விழுந்து முழங்கால் கிழிந்தது எனக்குத் தெரியும். ஆட்டுக்குட்டி, கோழி கடிபட்டவர்கள் இருக்கிறார்கள். இரவெல்லாம் குரைத்தால் நோயாளிக்குக் கஷ்டம்தான். அப்படி என்றால் கடிக்கிற நாயின் சொந்தக்காரரைப் பிடியுங்கள். வளவு நாறினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரட்டும், என் வீட்டுக்கே முதலில் வரட்டும். ஒரு நாய் வைத்து அதைப் படலைக்கு வெளியே அவிழ்த்துவிடுகிறவரும் இதில் அகப்பட வேண்டும். அந்தப் பிள்ளையைத் துரத்தியவை யாருடைய வீட்டு நாயும் இல்லை, மீன் சந்தைக் குப்பையில் பிறந்து வளர்ந்தவை. வீட்டுக்கு இரண்டு என்று சட்டம் போட்டால் மிச்ச நாய்கள் போய்ச் சேரப் போவதும் அங்கேதான். இல்லை, பிடித்து எங்கேயாவது வைப்போம் என்றால், எங்கே? யார் சோறு போடுவது? அன்றைய கூட்டத்தில் ஒருவருமே இதைக் கேட்கவில்லை.

சபையிடம் நான் கேட்பது கருத்தடை முகாம். வருடத்தில் ஒரு தரம் பட்டணத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போவது போதாது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வர வேண்டும், பொட்டைக்கு முதலிடம் தந்து, இலவசமாக. குட்டிகளைப் பையில் கட்டி வீதியில் போடுகிறவருக்குத் தண்டம் வேண்டும், உறைக்கிற மாதிரி. மிருகவதைக்கு எதிரான நம் சட்டம் 1907இல் எழுதியது, அதில் உள்ள தண்டப்பணம் நூறு ரூபா அளவில்தான் நிற்கிறது. புதிய விலங்கு நலச் சட்டத்துக்கு வரைவு எழுதி எத்தனையோ வருடமாகிறது.

அடுத்த கூட்டத்தில் இந்தப் பேச்சு மறுபடி வருமாம். இந்த முறை நான் பேசாமல் இருக்கப் போவதில்லை. ஐந்து ஊசி அட்டைகளையும், கருத்தடை செய்ததற்கான துண்டுச் சீட்டுகளையும் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். உங்களிடமும் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.