521ஆம் எண் பேருந்தை நிறுத்தியது பெருந்தொற்று மட்டுமன்று
அலுவலர்கள் வீட்டிலிருந்தே பணிபுரியத் தொடங்கியதால்தான் லண்டனின் 521ஆம் எண் பேருந்து 2023 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது என்று சிலர் கூறுவது பாதி உண்மைதான். 1966இல் விக்டோரியாவுக்கும் மார்பிள் ஆர்ச்சுக்கும் இடையே 500ஆம் எண்ணுடன் தொடங்கிய, 521ஐயும் உள்ளடக்கிய ‘ரெட் ஆரோ’ என்ற பேருந்துச் சேவைகள், ரயிலில் வந்திறங்கும் அலுவலகக் கூட்டத்தை நின்றபடியே விரைவாகக் கொண்டுசேர்ப்பதற்கென்று, மிகக் குறைந்த இருக்கைகளும் ஆறு பென்னி என்ற ஒரே கட்டணமும் நாணயம் போட்டால் வழிவிடும் சுழல்தடுப்பும் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. 2002இல் இரு பெட்டிகள் இணைந்த நீண்ட பேருந்துகள் வந்தபோது அவற்றில் 507, 521 ஆகிய இரண்டு தடங்களே எஞ்சியிருந்தன. மற்றவை மறைந்த காலத்தில் கொரோனா ஏது? வாட்டர்லூ, லண்டன் பிரிட்ஜ் ஆகிய ரயில் நிலையங்களை ஹோல்பர்ன் வழியாக இணைத்த 521 வார இறுதிகளில் ஓடியதே இல்லை என்பதால், காலை, மாலை நெரிசல் குறைந்தவுடன் அந்த இழப்பை ஈடுகட்டக் கடைவீதிக்கோ மருத்துவமனைக்கோ செல்லும் வேறு பயணிகள் அதற்குப் போதிய அளவில் இல்லை. 2016இல்தான் முழுவதும் மின்கலப் பேருந்துகளுக்கு மாற்றப்பட்ட தடம் அது என்பது வேறு வேதனை. 521க்கு மாற்று ஏற்பாடே செய்யவில்லை என்று சொல்வதும் சரியன்று; 59, 133 ஆகிய பேருந்துகளின் வழித்தடங்கள் அதற்காகவே மாற்றியமைக்கப்பட்டன.