அங்கிக்குப் பாக்கெட் வேண்டுமா?

(தையல் கடை. கல்லூரி மாணவன் கார்த்தி கறுப்புத் துணியை மேஜைமேல் வைக்கிறான். டெய்லர் மணி கழுத்திலிருந்து டேப்பை உருவுகிறார்.)

மணி: என்ன தம்பி, வக்கீல் கவுனா?

கார்த்தி: அதற்கு நேர் எதிரி அண்ணே. கல்லூரி விழாவில் 'வி ஃபார் வெண்டெட்டா' காமிக்ஸ் நாயகன் வேஷம். இதோ முகமூடி.

மணி: (திருப்பிப் பார்த்து) சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி சிரிக்கிறானே! யார் இவன்?

கார்த்தி: கய் ஃபாக்ஸ். 1605-இல் லண்டன் பாராளுமன்றத்துக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு காத்திருந்தவர்.

மணி: இந்த முகமூடியோடா?

கார்த்தி: அவர் முகமூடியே போடவில்லை. 'ஜான் ஜான்சன்' என்று பெயரைத்தான் மாற்றிக்கொண்டார். இந்தச் சிரிப்பு 1980களில் டேவிட் லாயிட் வரைந்தது. கதை ஆலன் மூர்.

மணி: சரி, வெடித்ததா?

கார்த்தி: எங்கே? பத்து நாளுக்கு முன்பே ஒரு பிரபுவுக்குப் பெயர் போடாத கடிதம் போய்விட்டது, அன்றைக்குச் சபைப் பக்கம் போகாதே என்று.

மணி: மொட்டைக் கடுதாசி! எழுதினது யார்?

கார்த்தி: இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

மணி: அவன்தான் தம்பி நிஜமான முகமூடிக்காரன். பீப்பாய் உருட்டியவன் மாட்டிக்கொண்டான் பார்.

கார்த்தி: காமிக்ஸ் நாயகன் அனார்க்கிஸ்ட் அண்ணே. அரசாங்கமே வேண்டாம் என்பவன். அராஜகவாதி.

மணி: அராஜகம் என் பேரன் சாப்பிடும்போது பண்ணுவது. அரசாங்கம் இல்லையென்றால் ரேஷன் அரிசி?

கார்த்தி: மக்களே பங்கிட்டுக்கொள்வார்கள்.

மணி: தீபாவளிக்கு முந்தின நாள் இந்தக் கடைக்கு வா, மக்கள் பங்கிட்டுக்கொள்ளும் லட்சணம் தெரியும்.

கார்த்தி: உங்களுக்கு முகமூடி நாயகர்களே பிடிக்காதா?

மணி: யார் சொன்னது? நான் ராணி காமிக்ஸ் மாயாவி ரசிகன். ஒரு குத்து, தாடையில் மண்டை ஓட்டு முத்திரை, கேஸ் முடிந்தது. வாய்தா கிடையாது. அப்பா பெயரிலிருக்கும் பட்டாவை மாற்ற நான் மனு கொடுத்து ஆறு வருஷம். எப்போது போனாலும் 'அடுத்த வாரம் வாங்க'. அந்த ஜன்னல் முன்னால் நிற்கும்போது எனக்குக் கை துறுதுறுக்கும். ஒரே ஒரு முத்திரை!

கார்த்தி: அதைத்தான் அண்ணே சொல்கிறேன். (முகமூடியை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி) இந்தக் கடைப் பலகை நடைபாதையில் எத்தனை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது?

மணி: தம்பி...

கார்த்தி: மூன்றடி. அந்தப் பச்சை ரவிக்கை எப்போது தருவதாகச் சொன்னது?

மணி: போன வெள்ளி. காஜா போடுகிற பையன் வரவில்லை...

கார்த்தி: வாய்தா கிடையாது!

மணி: கழற்று அதை! நான் மாயாவியைக் கூப்பிட்டது அந்த ஆபீசுக்கு. என் கடையில் அவனுக்கு என்ன வேலை?

கார்த்தி: (கழற்றி, முகத்தைத் துடைத்தபடி) உள்ளே மூச்சு முட்டுகிறது. இதில் ஒரு கூத்து கேளுங்கள். இந்த முகமூடி விற்க விற்க, இந்தக் கதையைச் சினிமாவாக எடுத்த அமெரிக்க ஸ்டூடியோவுக்கு உரிமத்தொகை போகிறது.

மணி: கலகக்காரனுக்கும் வாடகையா! இதற்கும் கட்டினாயா?

கார்த்தி: இல்லை, இது பிளாட்பாரத்தில் வாங்கிய டூப்ளிகேட்.

மணி: அப்படியென்றால் இதுதான் அசல் அனார்க்கிஸ்ட். சரி, நேராக நில். (தோளிலிருந்து கணுக்கால் வரை டேப்பை விடுகிறார்) அம்பத்தாறு. பாக்கெட் வேண்டுமா?

கார்த்தி: உள்பக்கம் ஒன்று வையுங்கள். ஐடி கார்டு இல்லாமல் கேட்டில் விட மாட்டார்கள்.

மணி: (சாக்பீஸால் துணியில் கோடு போட்டபடி) விழா என்றைக்கு?

கார்த்தி: இந்த வெள்ளிக்கிழமை.

மணி: அடுத்த வாரம் வா.

(கார்த்தி முகமூடியை மறுபடியும் எடுக்கிறான்.)