சேதனம் என்றால் எந்தச் சேதனம்?

யூரியா ஒரு சேதனப் பொருள். நுவரெலியாவில் மரக்கறி செய்கிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள்: காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் சேர்ந்த சேதனச் சேர்வை என்றுதான் சொல்லும். மாட்டு மூத்திரத்தில் இருப்பதும் அதே யூரியாதான். 1828இல் வோலர் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் அதை ஆய்வுகூடத்திலேயே செய்து காட்டிவிட்டார்.

மறுபக்கம் எப்பாவல பொஸ்பேட், டொலமைட். இரண்டும் பாறையை அரைத்த தூள், இரசாயனவியலில் சுத்த அசேதனம். ஆனால் சேதன விவசாயத்தில் இவற்றைப் போடலாம், யூரியாவைப் போடக்கூடாது. அங்கே காபன் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்ததா என்றுதான் பார்ப்பார்கள். இரண்டு அர்த்தமும் அதனதன் இடத்தில் சரி. மாற்றிப் போட்டுப் பேசினால்தான் வம்பு.

அந்த வம்பை 2021இல் நன்றாகவே பார்த்தோம். மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது, வருடம் முடியுமுன்னே தடையை எடுத்தது. 'சேதனம் நல்லது, இரசாயனம் நஞ்சு' என்ற பேச்சுக்குக் குறைவில்லை. நைதரசன் கணக்குத்தான் மேடையேறவில்லை.

100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன். கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்தால், அதே 46 கிலோவுக்கு மூன்று தொன் வேண்டும். (லொறி ரோட்டோடு நின்றுவிடும். மலைக்கு ஏற்றுவது யார் தலையில்?) ஏற்றினாலும் அவ்வளவும் அந்தப் போகத்துக்குக் கிடைக்காது. நுண்ணங்கிகள் உடைத்து அமோனியமாகவோ நைத்திரேற்றாகவோ மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் வேர் எடுக்கும். யூரியாவும் பெரும்பாலும் அதே வழிதான், சில நாளில் மாறிவிடும் என்பதுதான் வித்தியாசம். அதிலும் கவனம் வேண்டும். ஈர மண்ணின் மேல் தூவி மூடாமல் விட்டால் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். பெருமழைக்கு முதல்நாள் போட்டால் ஆற்றுக்குத்தான் பசளை.

கூட்டெரு மண்ணைக் கட்டி வைக்கும், ஈரத்தைப் பிடிக்கும். அதை யூரியா செய்யாது. ஆனால் அரைகுறையாக மக்கியதைப் போடாதீர்கள். மரத்தூள், வைக்கோல் அதிகமான குவியலில் ஒரு பங்கு நைதரசனுக்கு 30 பங்குக்கு மேல் காபன் இருந்தால், நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனையும் தங்களுக்கு இழுத்துக்கொள்ளும். கோவாவின் அடியிலைகள் மஞ்சளாகும். 'சேதனம் போட்டும் பயிர் வெளுக்குதே' என்று அப்போது கடைக்காரரோடு சண்டை!

வாங்கும்போது பையில் நைதரசன் வீதம் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். வீட்டில் செய்ததென்றால், ஆறிய குவியலுக்குத் தண்ணீர் தெளித்துக் கிளறி, இரண்டு மூன்று நாள் கழித்து நடுவில் கையை விடுங்கள். திரும்பச் சூடேறியிருந்தால் இன்னும் மக்கவில்லை.