கண்ணாடி மீன் வேறு, ஷிண்ட்லேரியா வேறு

சேலத்து மீன் கடைகளில் தொட்டியில் நீந்தும் கண்ணாடி மீனையும், பவளப்பாறைக் கடலில் வாழும் மிகச் சிறிய மீனான ஷிண்ட்லேரியாவையும் நான் படித்த ஒரு கட்டுரை ஒரே மீனாக்கிவிட்டது. முன்னது நம்மூர் நன்னீர் மீன், செதில் உண்டு. ஷிண்ட்லேரியாவுக்குச் செதிலே கிடையாது; குஞ்சுப் பருவத்து முன்சிறுநீரகம் (முதலில் உருவாகும் எளிய சிறுநீரகம்) முதிர்ந்த பின்னும் வேலை செய்யும்.

2004-ல் பெயரிடப்பட்ட ஷிண்ட்லேரியா பிரெவிபிங்குயிஸ் என்ற இனத்தில் பெரிய பெண் மீனே 8.4 மி.மீ.தான். உயிரோடு பார்த்தால் வெந்த ஜவ்வரிசி, கண் மட்டும் கறுப்பு. பதப்படுத்த எத்தனாலில் போட்டதும் வேகாத ஜவ்வரிசி போல வெளுத்துவிடும்; அதனால் படத்தை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். குஞ்சா, முதிர்ந்ததா என்பதை நீளத்தை வைத்து முடிவு செய்தால் தப்பாகிவிடும். உருப்பெருக்கியில் பாருங்கள்: சினைப்பட்ட பெண்ணின் வயிற்றுக்குள் முட்டைகள் வெளியிலிருந்தே தெரியும்.