எடிசன் அம்மா வாசித்த கடிதம்

போன மாதம் மகளின் பள்ளியில் பேச்சுப் போட்டி. மேடையேறிய பிள்ளைகளில் மூன்று பேர் ஒரே கதையைச் சொன்னார்கள். எடிசன் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவருகிறான். அம்மா கண்ணீரோடு வாசிக்கிறார்: "உங்கள் மகன் ஒரு மேதை, அவனுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஆள் இல்லை." பல வருடம் கழித்து எடிசன் அதே கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால், மூளைக் கோளாறு உள்ள பையன், இனி பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. கைதட்டல். பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்படி ஒரு கடிதமே கிடையாது. வாட்ஸ்அப்பில் பரவி, பாலர் புத்தகத்துக்குள்ளும் புகுந்த கதை அது. நடந்தது வேறு. அவன் மூளை குழம்பியவன் என்று ஆசிரியர் சொன்னதைச் சிறுவன் எடிசன் தன் காதாலேயே கேட்டான். வீட்டில் போய்ச் சொன்னான். அம்மா நான்சிக்கு வந்ததே கோபம்! பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டு, பையனை நிறுத்தி, வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிற்காலத்தில் இதைச் சொன்னது எடிசனேதான்.

கோலாலம்பூரில் எங்கள் வீடு இருக்கும் செந்தூலுக்குத் திரும்பும் வழியில் மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ அது பொய்யாப்பா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "இதுதான் நல்லா இருக்கு. அம்மா போய்ச் சண்டை போட்டாங்கல்ல" என்றாள்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரிவது, புத்தகம் போடுகிறவர்களுக்கு ஏன் புரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம். சிறுவர்களுக்கான வாழ்க்கை வரலாறு என்றால் முதலில் நீதியை எழுதி வைத்துவிடுகிறோம். அதற்கு அளவெடுத்து ஒரு மனிதரை வெட்டித் தைக்கிறோம். சண்டை போடும் அம்மாவால் நீதிக்குப் பயனில்லை. அழுகிற அம்மாவால் இருக்கிறது.

மறுவாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புத்தகக் கடையில் அரை நாள் உட்கார்ந்து, சிறுவர் வாழ்க்கை வரலாற்றுத் தட்டில் இருந்ததையெல்லாம் புரட்டினேன். (கடைக்கார அண்ணன் முறைக்க ஆரம்பித்த பிறகு 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) இரண்டு வாங்கினேன்.) காந்தி, நேரு, பாரதி, தெரசா, கலாம். எல்லாம் சென்னை அச்சு. அதில் குறையில்லை, நாமும் அதைப் படித்துத்தான் வளர்ந்தோம். எனக்கு உறுத்தியது படங்கள்.

கலாம் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர் நேரம். ராமேசுவரத்தில் ரயில் நிற்பதில்லை. ஓடுகிற ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வீசிவிட்டுப் போவார்கள். அவற்றைப் பொறுக்கிச் சேர்க்கத் தன் உறவினர் சம்சுதீனுக்குச் சிறுவன் கலாம் கைகொடுத்தான். தன் வாழ்நாளின் முதல் சம்பாத்தியம் அது என்று கலாமே எழுதியிருக்கிறார். ஒரு ஓவியருக்கு இதைவிட என்ன வேண்டும்? புகை, ரயில், காற்றில் பறந்து வரும் கட்டு, கையை நீட்டிக்கொண்டு ஒரு பொடியன். நான் வாங்கிய புத்தகத்திலோ, 'சிறுவயதில் செய்தித்தாள் விற்றார்' என்று ஒரு வரி. மேலே, சைக்கிளில் சிரித்துக்கொண்டு போகும் ஒரு பையன். ரயிலையே காணோம்! 1979 ஆகஸ்டில் அவர் தலைமையில் உருவான முதல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்ததையும் காணோம். நேராக 1980 வெற்றிக்குத் தாவிவிட்டார்கள்.

சரி, நம் மலேசிய ஆட்கள் யாராவது? அந்தத் தட்டில் ஒருவர்கூட இல்லை. 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வாங்கிய ராஜாமணி இல்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி, 2017 வரைக்கும் அசையாத தேசிய சாதனையை வைத்திருந்த டாக்டர் ஜெகதீசன் இல்லை. 1997 மே 23-ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாஸும் இல்லை. வேறு எங்காவது இவர்களைப் பற்றித் தமிழில் படப்புத்தகம் வந்திருந்தால் கீழே சொல்லுங்கள், நாளைக்கே வாங்குகிறேன்.

வண்ணத்தில் அச்சடித்தால் கட்டுப்படியாகாது, ஐந்நூறு பிரதி போட்டால் விலை ஏறிவிடும் என்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் நாட்டில் 500-க்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் நீலாம் என்ற பள்ளி வாசிப்புத் திட்டப் பதிவுக்காகப் புத்தகம் தேடி அலைகிறார்கள். பள்ளிக்கு இரண்டு பிரதி என்றாலே ஆயிரம் ஆச்சு.

எனக்கு வேண்டிய புத்தகம் ஜானகி ஆதி நாகப்பன். 1925-ல் இதே கோலாலம்பூரில் வசதியான வீட்டில் பிறந்தவர். 1943-ல் நேதாஜி பேசியதைக் கேட்டுவிட்டு, காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார். நேதாஜியின் ராணுவத்தில் பெண்களுக்கென்று இருந்த ஜான்சி ராணிப் படையில் சேரப்போகிறேன் என்றபோது வீட்டில் எதிர்ப்பு. ஒருவழியாக அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். முகாம் வாழ்க்கை ஆரம்பத்தில் ஒத்துக்கொள்ளவே இல்லை. பிறகு அந்தப் படையிலேயே இரண்டாம் நிலைத் தலைவராக உயர்ந்தார். 'வீரப் பெண்மணி' என்று எழுதிச் சேலையில் ஒரு படம் போட்டால் அது பொய். அந்தப் படையின் புகைப்படங்கள் இருக்கின்றன: காக்கிச் சட்டை, கால்சட்டை, தொப்பி, தோளில் துப்பாக்கி. கூட நின்ற பலர் நம் தோட்டப்புறத்துப் பெண்கள். எழுதுகிறவர் 'பயிற்சி பெற்றார்' என்று ஒரு சொல்லில் தப்பித்துவிடலாம். வரைகிறவரால் முடியாது. காலில் என்ன, தலையில் என்ன, பின்னால் நிற்பது தென்னையா ரப்பர் பால்மரமா என்று தேடித்தான் ஆகவேண்டும்.

புத்தகம் வரும்வரை காத்திருக்க முடியாது என்று போன ஞாயிறு மகளும் நானுமே உட்கார்ந்துவிட்டோம். எட்டுப் பக்கம், நான் எழுத, அவள் வரைய. முதல் பக்கத்துக்கே ஒரு மணி நேரம். முகம், பின்னல், கூட்டம் எல்லாம் போட்டுவிட்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"ப்பா, தோடு போட்டு வரையணுமா, கழட்டினதுக்கு அப்புறமா?"